கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே

ஸ்டீரிங் வளையத்தை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல அசைக்கிறேன். வண்டி நிற்கிறது; இன்ஜின் ஓடவில்லை. முன்சக்கரத்தில் ஓர் அசைவும் இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்புகிறேன். எங்கோ கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் டயர் தரையை உரசுகிறது. கை சொன்னதற்கும் சக்கரம் கேட்டதற்கும் நடுவே இருக்கும் இந்த வெற்றிடத்தை மெக்கானிக்குகள் ‘பிளே’ என்கிறார்கள். இந்த ஜீப்பில் வளையத்தின் விளிம்பில் அது மூன்று விரற்கடை இருக்கிறது.

வண்டி மகிந்திரா சி.ஜே. 3பி. 1974இல் பதிவானது. வடக்கு வங்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உழைத்து முடித்துவிட்டு எங்களிடம் வந்தது. இப்போது கல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் நிற்கிறது. அதைவிடப் பிடித்த வண்டி எனக்கு வேறு இல்லை. மூன்று விரற்கடைப் பிளேயோடு அதைச் சாலைக்கு எடுத்துப்போக எனக்கு உரிமையும் இல்லை.

*

ஒரு கட்டளை போகும் வழியைக் கீழே படுத்துக்கொண்டு பார்க்கிறேன்.

வளையத்திலிருந்து ஒரு தண்டு. தண்டின் அடியில் இரும்புப் பெட்டி, ராஸ் வகை. பெட்டியிலிருந்து பிட்மன் ஆர்ம் என்ற கை தொங்குகிறது. அதிலிருந்து முன்னோக்கிப் போகிறது டிராக் லிங்க். அது போய்ச் சேரும் இடம், முன் அச்சுக்குப் பக்கத்தில் ஓர் ஊசியில் சுழலும் பெல் கிராங்க். முன்னும் பின்னுமான அசைவை அதுதான் பக்கவாட்டு அசைவாக மாற்றுகிறது. அங்கிருந்து இடச் சக்கரத்துக்கு ஒரு டை ராட், வலச் சக்கரத்துக்கு ஒரு டை ராட். ராடுகள் போய்ப் பிடிப்பது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை. நக்கிள் சுழல்வது கிங்பின்களின்மேல்.

பெட்டிக்கு வெளியே மட்டும் ஏழு மூட்டுகள். கிங்பின் பேரிங்குகள் நான்கு தனி. ஒவ்வொன்றிலும் மயிரிழை தேய்ந்தால் போதும். கடைசியில் அத்தனையும் கூடி என் கைக்கு வந்து சேர்கிறது. தனியாக எந்த மூட்டைப் பார்த்தாலும் அது தன்னளவில் நன்றாகத்தான் இருப்பதுபோலத் தெரியும்.

*

போர்க்காலத்து வடிவம் இது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப்புகளைச் செய்தன. அவற்றில் ஒரு பகுதி கல்கத்தா வழியாக அஸ்ஸாமுக்கும் பர்மா எல்லைக்கும் போனது. எங்கள் வீட்டிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் வரும் ஏரியைச் சுற்றி அப்போது ராணுவ முகாம்கள் இருந்தன. 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டிய ஏரி அது. 1958இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாறியது. இங்கே பழைய ஆட்கள் இன்றும் ‘லேக்’ என்றுதான் சொல்கிறார்கள்.

போர் முடிந்ததும் 1940களின் இறுதியில் மகிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாகத் தருவித்துப் பூட்டத் தொடங்கியது. பிறகு இங்கேயே செய்தார்கள். அமெரிக்காவில் ஜீப்பின் சி.ஜே. வரிசை 1972இல் இந்த ராஸ் பெட்டியையும் பெல் கிராங்கையும் கைவிட்டது. என் வண்டி அதற்கு இரண்டு வருடம் கழித்து இந்தியாவில் பிறந்தது, அந்தப் பழைய அமைப்போடு.

*

ராஸ் பெட்டியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்த நாளிலிருந்து அது மனதைவிட்டுப் போகவில்லை.

உள்ளே திருகுபோல ஒரு கேம். அதன் பள்ளத்தில் ஓடும் முளைகள் கொண்ட ஒரு நெம்புகோல். வண்டி நேராகப் போகும் நிலையில் முளை பள்ளத்தில் இறுக்கமாக உட்காரும்படியும், முழுதாகத் திருப்பிய நிலையில் சற்றுத் தளர்வாக இருக்கும்படியும்தான் கேமைக் கடைந்திருக்கிறார்கள். நேராகப் போகும்போது வண்டி அலையக் கூடாது என்பதற்காக. ஆனால் ஒரு வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் போகிறது. ஆகவே தேய்வதும் அந்த நடுப்பகுதிதான். நடுவில் பிளே விழுந்துவிட்டது என்று பக்கவாட்டு ஸ்குரூவை இறுக்கினால், தேயாத ஓரங்களில் முளை போய்ச் சிக்கிக்கொள்ளும். திருப்பத்தில் வளையம் கனக்கும். திருப்பிய பிறகு தானாகத் திரும்பி வராது.

எவ்வளவு கவனமாகச் சரிசெய்தாலும் இந்தப் பெட்டிக்கு ஓர் எல்லை உண்டு. நடுவைத் தொலைத்துவிட்ட கேமை இறுக்கி மீட்க முடியாது. கேமையே மாற்ற வேண்டும், அல்லது பெட்டியை.

*

அன்வர் ஷா ரோடுக்குப் போகும் சந்தில் கேரேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கை அக்கம்பக்கத்தில் எல்லோரும் உஸ்தாத் என்கிறார்கள். நானும் அப்படியே. வயதில் என்னைவிட மிகப் பெரியவர். பவர் ஸ்டீரிங் போடலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு வளையத்தைப் பிடித்து ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் போய்ப் படுத்தார். ஒவ்வொரு மூட்டின்மேலும் உள்ளங்கையை வைத்தார். கண்ணால் பார்ப்பதைவிடக் கைவைத்தால் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் இருக்கும் இடத்தில் பிளே இருக்கிறது.

பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் புறமுமாக அசைத்தார். ஆடியது. பையனை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மறுபடி அசைத்தார். இன்னும் ஆடியது. பிரேக் மிதித்தால் டிரம்மும் பின்தட்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஆட்டம் நின்றுபோனால் கோளாறு வீல் பேரிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில். இவ்வளவு எளிய சோதனை. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஜீப் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தளர்ந்த எலும்புக்குப் பலம் கொடுத்தால் வேகமாக உடையும். முதலில் கிங்பின்.”

*

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியதும் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து இடமும் வலமுமாக உதறத் தொடங்கும். வளையத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். ஒற்றை அச்சில் இரு சக்கரமும் பூட்டிய பழைய ஜீப்புகள் எல்லாவற்றுக்கும் இந்த நோய் வரும். கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கலாம், அதன் ஷிம் (இடைத்தகடு) தப்பாக இருக்கலாம், சக்கரத்தின் சமன் கெட்டிருக்கலாம், அச்சின் சாய்வு மாறியிருக்கலாம். பலர் செய்வது, உதறலை உள்வாங்கும் ஸ்டீரிங் டாம்பர் ஒன்றை வாங்கிப் பூட்டிவிடுவது. உதறல் தெரியாமல் போகும். காரணம் அங்கேயே இருக்கும். நல்ல முன்பக்கத்துக்குத் துணையாக டாம்பர் வரட்டும். கெட்ட முன்பக்கத்துக்கு மறைப்பாக வரக் கூடாது.

இந்த ஜீப் குடும்பத்துக்குக் கையேடு சொல்லும் அளவுகள் எனக்கு மனப்பாடம். காஸ்டர் (கிங்பின்னின் பின்சாய்வு) 3 டிகிரி. காம்பர் (சக்கரத்தின் வெளிச்சாய்வு) ஒன்றரை டிகிரி. கிங்பின்னின் உட்சாய்வு ஏழரை டிகிரி. சக்கரங்களின் முன்னோரம் பின்னோரத்தைவிட ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் உள்வாங்கி இருக்க வேண்டும். திருப்பத்திலிருந்து சக்கரம் தானாக நேருக்கு வருவதற்கு அந்த 3 டிகிரியின் பங்கு பெரியது. மலைப்பாதைக்கென்று கண்மூடித்தனமாக ஸ்பிரிங்கை உயர்த்தி வண்டியை ‘லிஃப்ட்’ செய்கிறவர்கள் முதலில் இழப்பது இதைத்தான்.

*

மல்லிக் பஜார். பார்க் ஸ்ட்ரீட் வந்து முட்டும் இடத்தில் பழைய வண்டிப் பாகங்களின் உலகம். அம்பாசிடர் ரேடியேட்டர்கள், பிரித்துப் போட்ட கியர்பாக்ஸ்கள், கம்பியில் கோத்த பேரிங்குகள். உஸ்தாத் ஒரு கடையில் டை ராட் எண்டைக் கையில் எடுத்து அதன் குமிழை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார். சுலபமாக ஆடினால் வைத்துவிடுவார். புதிய மூட்டு கைக்கு அடங்காமல் முரண்ட வேண்டும்.

அவர் தேர்ந்தெடுத்த மூட்டின் அட்டைப்பெட்டியின்மேல் ‘ராணே’ என்று இருந்தது. சென்னைப் பெயரை இங்கே கண்டதும் மனம் நிறைந்துபோனது. 1929இல் சென்னையில் மோட்டார் வியாபாரமாகத் தொடங்கிய ராணே, 1960இல் டை ராட் எண்டு செய்ய ஆரம்பித்தது. நாட்டின் லாரிகளும் டிராக்டர்களும் ஜீப்புகளும் திரும்புவதில் அந்தத் தொழிற்சாலைகளின் பங்கு சிறியதில்லை. 1987இல் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தோடு சேர்ந்து பவர் ஸ்டீரிங்குக்கும் போனார்கள். மயில்களுக்குப் பேர்போன விராலிமலைப் பக்கம் அந்தப் பெட்டிகள் உருவாகின்றன என்பதைத் தமிழ்நாட்டிலேயே எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்? வங்காளத்தின் மழைத்தண்ணீரிலும் டார்ஜிலிங் வளைவுகளிலும் அவை வேலை செய்துகொண்டிருக்கின்றன.

*

காலையில் ஏரிக்கரை. துடுப்புப் படகுகள் போகின்றன. எட்டுப் பேர் இழுக்கிறார்கள். ஒன்பதாமவர் சுக்கானின் கயிற்றைப் பிடித்திருக்கிறார். சுக்கான் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அவர் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. படகு விலகுவதற்கு முன்பே துளி இழுக்கிறார், விடுகிறார். கயிற்றில் தொய்வு இருந்தால் அந்தத் துளி வீணாகிவிடும். அவர் தாமதமாக, பெரிதாக இழுக்க வேண்டி வரும். படகு பாம்புபோல நெளியும்.

என் ஜீப் ராஷ்பெஹாரி அவென்யூவில் போனது அப்படித்தான். பழைய டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் ஒடுங்கிய 6.00-16 டயர் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி தன்போக்கில் ஒரு சாண் நகரும். நான் தாமதமாகப் பிடிப்பேன். பிறகு அதிகமாகப் பிடிப்பேன்.

*

கிங்பின் பேரிங் நான்கும் மாற்றியாயிற்று. ஷிம் ஒவ்வொன்றாக எடுத்தும் வைத்தும், தராசுக் கொக்கியால் நக்கிளை இழுத்துப் பார்த்து உஸ்தாத் இறுக்கத்தை நிர்ணயித்தார். அந்தப் பகல் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெல் கிராங்குக்குப் புது ஊசி, புது புஷ். டிராக் லிங்கின் உள்ளே ஸ்பிரிங், குழிக் கிண்ணம் எல்லாம் புதிது. ஒவ்வொரு காசில் நட்டிலும் புதுக் காட்டர் பின். கழற்றிய பின்னைத் திரும்பப் போடுவதை அவர் அனுமதிப்பதில்லை.

மூன்று விரற்கடை இருந்த பிளே ஒன்றுக்குக் குறைந்தது. மிச்சம் இருந்தது பெட்டியின் நடுப்பகுதி.

சதர்ன் அவென்யூவில் ஓட்டினேன். வேறொரு வண்டி. பவர் ஸ்டீரிங் இல்லாமலே போதும் என்று தோன்றியது.

*

வீட்டில் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “நல்லதுங்க. ஆனா நம்ம சந்துல நிறுத்தித் திருப்ப எனக்குத் தோள்ல பலம் இல்லையே. நான் ஓட்ட முடியலைன்னா அது நம்ம வண்டி இல்ல, உங்க வண்டி.”

இதற்கு எதிராக வைக்க என்னிடம் ஒரு வாதமும் இல்லை. லேக் கார்டன்ஸ் சந்துகளில் வண்டி ஓடுவதைவிட நின்று திரும்புவதே அதிகம். ஒரு பக்கம் ரிக்‌ஷா, மறுபக்கம் காய்கறி வண்டி, எதிரே டாக்ஸி. நின்ற இடத்தில் டயரைத் திருப்புவதுதான் ஸ்டீரிங்குக்கு மிகப் பெரிய சுமை. ஓடும் சக்கரம் எளிதில் திரும்பும். நிற்கும் சக்கரம் ரப்பரைத் தரையில் தேய்த்துத்தான் திரும்ப வேண்டும்.

*

ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர் பியர்ஸ்-ஆரோ கம்பெனியில் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கனமான லாரிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாடுதான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது. 1926இல் எண்ணெய் அழுத்தத்தால் உதவும் ஸ்டீரிங்கை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்த காரில் அது இடம்பெற 1951 ஆனது, கிரைஸ்லர் இம்பீரியல். லாரி ஓட்டுநர்களின் தோள்களை நினைத்துத் தொடங்கிய ஒன்று பணக்காரர்களின் காருக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் பஸ்ஸும் லாரியும் ஓட்டியவர்கள் எத்தனை பத்தாண்டுகள் வெறும் தோள்பலத்தில் திருப்பினார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

*

முடிவெடுத்துவிட்டோம். பின்னாளைய மகிந்திரா வண்டிகளில் வந்த வகைப் பவர் பெட்டி. உள்ளே திருகுக்கும் நட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் சுற்றிச் சுற்றி ஓடும். உரசுவதற்குப் பதில் உருள்கின்றன. பெட்டி சேசிஸின் வலப்பக்கத்தில் முன்னால் போகிறது. டிராக் லிங்க் இனி முன்பின்னாக இல்லை. குறுக்கே போய் இடது நக்கிளைப் பிடிக்கும். இரண்டு டை ராட்களுக்குப் பதில் ஒரே நீள ராட். பெல் கிராங்க் போய்விட்டது. ஏழு மூட்டுகள் இருந்த இடத்தில் நான்கு. பவரைவிட எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது இந்த மூன்று மூட்டுகள் குறைந்ததுதான்.

டிராக் லிங்க் எவ்வளவு நீளமோ, எவ்வளவு படுக்கையோ அவ்வளவு நல்லது. சரிவாக இருந்தால் ஸ்பிரிங் அமுங்கி எழும்போது ராட் சக்கரத்தைத் தள்ளும். கை அசையாமலே வண்டி திரும்பும்.

உஸ்தாத் அதிக நேரம் செலவிட்டது பெட்டியில் இல்லை, அது உட்காரும் இடத்தில். பம்ப் ஒரு சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டிய அழுத்தம் தரக்கூடியது. அந்தப் பலம் சக்கரத்தைத் தள்ளும்போது பெட்டி சேசிஸைத் திருப்பித் தள்ளும். ஐம்பது வருட இரும்பு அது. போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் விட்டுக் கிழிந்த ஜீப்புகளை அவர் பார்த்திருக்கிறார். உள்ளும் புறமும் கனமான தகடு வைத்து, துளைக்குள் குழல் செருகி, அதன் வழியே போல்ட் போட்டார். டிராக் லிங்கின் நீளம் போதவில்லை என்று பையன் வெட்டி வெல்டு வைக்கலாமா என்றான். ஸ்டீரிங் ராடில் வெல்டு வைக்கக் கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். சரியான நீளம் கிடைக்கும்வரை வண்டி கட்டைமேல் நின்றது. அந்தக் காத்திருப்புக்காக நான் அவரை வணங்குகிறேன்.

*

மூலவடிவத்தைக் கெடுக்கிறேனோ என்ற கேள்வி இரவில் வருகிறது. இந்த ஊரில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்தும் பழைய கார் அணிவகுப்பைப் பல வருடம் வேடிக்கை பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு திருகாணிகூடக் காலத்துக்கு உரியதாக இருந்தால்தான் மதிப்பு. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, பதிவாகி 50 வருடம் கடந்து, மூலவடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு ‘வின்டேஜ்’ பதிவு கிடைக்கும். 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது.

எங்கள் ஜீப் மழையில் கடைக்குப் போகும் ஜீப். லேக் மார்க்கெட்டில் காபிப்பொடியும் வாழையிலையும் வாங்கி வருகிற ஜீப். அது ஓட வேண்டும். ஆகவே பழைய ராஸ் பெட்டியையும் பெல் கிராங்கையும் எண்ணெய் தடவிக் கோணியில் சுற்றிப் பத்திரப்படுத்தினேன். சேசிஸில் மூலத் துளைகளைத் தொடவில்லை. நாளை யாராவது பழையபடி ஆக்க விரும்பினால் ஆக்கலாம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக உறுதி செய்தது. வேலை தொடங்குவதற்கு முன்பே பெல்தலா மோட்டார் வாகன அலுவலகத்தில் விசாரித்து எழுத்தில் வாங்கிக்கொள்வதே சரி.

*

இதே மாநிலத்தின் வடகோடியில், மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்ஃபூவுக்குச் சுமார் 31 கிலோமீட்டர் மலைப்பாதை. அதில் 1950களின் லேண்ட் ரோவர்கள் இன்றும் பயணிகளை ஏற்றிப் போகின்றன. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் விட்டுப்போனவை. பலவற்றில் இப்போது ஓடுவது மகிந்திரா டீசல் இன்ஜின். அங்கே மூலவடிவம் பற்றிய விவாதம் இல்லை. மாலைக்குள் ஏறி இறங்க வேண்டும். தெற்கே சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளும் அப்படியே. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வானம் என்று பாதை போகும் இடத்தில் பிளே என்ன என்பதை யாரும் அந்த ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

லேக் கார்டன்ஸ் மேம்பாலத்தில் மனைவி ஓட்டினாள். நான் பக்கத்தில். வளையத்தில் அவள் கை லேசாகத்தான் இருந்தது. நடுவில் தளர்வு இல்லை. திருப்பத்துக்குப் பின் வளையம் அவள் விரல்களுக்குள் தானாக வழுகி நேருக்கு வந்தது; காஸ்டர் தன் வேலையைச் செய்கிறது. சாலையின் கரடு முன்போல முழுதாகக் கைக்கு வருவதில்லை. பவர் ஸ்டீரிங்கில் அந்த இழப்பு உண்டு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழைய பெட்டியில் ஒரு கூழாங்கல்கூட என் உள்ளங்கைக்குத் தெரியும். அந்த உரையாடல் எனக்குக் குறைந்திருக்கிறது. அவளுக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கணக்கு சரிதான்.

இலேசும் இறுக்கமும் வேறு வேறு என்பதை இந்த வேலை எனக்குக் காட்டியது. தேய்ந்த மூட்டுகளின்மேல் பவரைப் பூட்டியிருந்தால் வளையம் இதே அளவு இலேசாக இருந்திருக்கும். கைக்குக் கனம் தெரியாததால் தளர்வும் தெரிந்திருக்காது. அதைவிட ஆபத்தான வண்டி இல்லை.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பவர் பெட்டிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் ஒரு ஞாயிறு காலை, வீட்டில் யாரையாவது வளையத்தை ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் போய்ப் படுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் கைவையுங்கள். சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதிக்கச் சொல்லி அசைத்துப் பாருங்கள். ஆடினால், அந்தப் பணத்தில் முதலில் கிங்பின் பேரிங் வாங்குங்கள்.